அணில், பாம்பு, மூன்று நத்தைகள்: வெர்சாய் தோட்டத்தை உருவாக்கிய லெ நோத்ர் யார்?

1661 ஆகஸ்ட் 17. பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, வோ-லெ-விகோம்த் என்ற புத்தம் புது மாளிகையில் விருந்து. கூப்பிட்டவர் பிரான்ஸ் நிதித் துறையின் தலைவர் நிக்கோலா ஃபூக்கே. வந்தவர் மன்னர் 14-ம் லூயி, வயது 22. மோலியேர் எழுதிய புது நாடகம் அன்றுதான் முதன்முதலாக மேடையேறியது. சாப்பாடு, இசை, நீரூற்று, வாணவேடிக்கை என எல்லாமே அமர்க்களம்.

சரியாக 19 நாள் கழித்து, செப்டம்பர் 5-ம் தேதி ஃபூக்கே கைது செய்யப்பட்டார். அன்று மன்னருக்கு 23-வது பிறந்தநாள். கைது செய்த அதிகாரி தார்த்தாஞான். ‘மூன்று மஸ்கடியர்கள்’ நாவலின் நாயகனுக்கு மூலமாக இருந்த நிஜ மனிதர் இவர்தான். வழக்கு மூன்று வருடம் இழுத்தது. நாடு கடத்தினால் போதும் என்று நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். மன்னருக்கு அது போதவில்லை, ஆயுள் சிறையாக மாற்றினார். பொதுவாக மன்னர்கள் தண்டனையைக் குறைப்பார்கள். இங்கே கூடியது. 1680-ல் ஆல்ப்ஸ் மலையோரக் கோட்டைச் சிறை ஒன்றில் ஃபூக்கே இறந்துபோனார்.

அந்த மாளிகையிலிருந்த ஆரஞ்சு மரங்கள், திரைச்சீலைகள், சிலைகள் எல்லாம் வண்டி ஏறி மன்னரின் இடங்களுக்குப் போயின. பொருள்கள் மட்டுமா போயின? கட்டடக் கலைஞர் லூயி லெ வோ, ஓவியர் சார்ல் லெ ப்ரன், தோட்டத்தை அமைத்த ஆந்த்ரே லெ நோத்ர் என அந்த டீம் அப்படியே மன்னரின் கனவு ப்ராஜெக்டான வெர்சாய்க்கு மாறியது.

முதலாளி சிறைக்குப் போக, தோட்டக்காரர் அரண்மனைக்குப் போனார். அதன்பின் 39 வருடம், முன்கோபத்துக்கும் சந்தேகத்துக்கும் பேர்போன ஒரு மன்னரின் பக்கத்தில் தலைக்கு ஆபத்து இல்லாமல் வாழ்ந்தார். சும்மா வாழவில்லை. மன்னரைக் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு நெருக்கமாக வாழ்ந்தார். எப்படி?

தோட்டத்துக்குள்ளேயே பிறந்தவர்

ஆந்த்ரே லெ நோத்ர் பிறந்தது 1613 மார்ச் 12, பாரிஸில். தாத்தா பியேர், அரச தோட்டமான துய்லரியில் தோட்டக்காரர். அப்பா ழான் அதே தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரர். குடும்பம் குடியிருந்ததும் அங்கேதான். ஞானஸ்நானம் நடந்தது பக்கத்திலிருந்த செயின்ட் ரோக் தேவாலயத்தில். ஞானத்தாயாக நின்றவரும் அன்றைக்குப் புகழ்பெற்ற இன்னொரு அரச தோட்டக்காரரின் மனைவி. சொந்தம், பந்தம், அக்கம்பக்கம் எல்லாமே மண்வெட்டியும் செடியும்தான்.

ஆனால் பையனை அப்பா நேராக மண்ணில் இறக்கவில்லை. சிமோன் வூவே என்ற பிரபல ஓவியரின் பட்டறைக்கு அனுப்பினார். சார்ல் லெ ப்ரன் நண்பரானது அங்கேதான். தோட்ட வேலைக்குப் போகிறவனுக்கு ஓவியம் எதற்கு என்று அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள். கண் எங்கிருந்து பார்க்கிறது, தூரம் போகப் போகப் பொருள் எப்படிச் சிறுக்கிறது, அதை வைத்துக் கண்ணை எப்படி ஏமாற்றலாம் என்கிற கணக்கெல்லாம் அவர் கைக்கு வந்தது இந்தப் படிப்பில்தான்.

1635-ல் மன்னரின் சித்தப்பா காஸ்தோன் இளவரசரிடம் வேலை (அப்போது அவர் ஆட்சியிலிருந்த 13-ம் லூயியின் தம்பி). 1637-ல் அப்பாவின் துய்லரி பதவி இவருக்கு வந்தது. 1640-ல் ஃப்ரான்சுவாஸ் லாங்லுவாவுடன் கல்யாணம். மூன்று குழந்தைகள் பிறந்தன, மூன்றும் சிறு வயதிலேயே போய்விட்டன. பரம்பரைத் தொழிலில் மூன்று தலைமுறை கண்ட வீட்டில், அடுத்து கொடுக்க வாரிசு இல்லை. 1657-ல் அரச கட்டடங்களின் தலைமைக் கண்காணிப்பாளர்களில் ஒருவரானார்.

இந்தக் கடைசித் தகவலைக் கவனியுங்கள். ஃபூக்கே இவரைத் தன் மாளிகைக்கு அழைத்த காலத்திலேயே லெ நோத்ர் மன்னரின் சம்பளப் பட்டியலில் இருந்தவர். அமைச்சரின் ஆள் என்று யாரும் இவரைச் சுட்ட முடியவில்லை. அரசியல் கோஷ்டி எதிலும் இவர் பெயர் அடிபடவில்லை. ஃபூக்கே விழுந்தபோது இவர் கூடவே விழாததற்கு இது முக்கியக் காரணம்.

கண்ணை ஏமாற்றும் தோட்டம்

வோ-லெ-விகோம்த் தோட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? மாளிகைப் படிக்கட்டின் உச்சியில் நின்று பார்த்தால் நேர்க்கோட்டில் ஒரு பாதை. இரண்டு பக்கமும் எம்ப்ராய்டரி போட்ட மாதிரி கத்தரித்த பூப்பாத்திகள். கொஞ்சம் தள்ளி வட்டக் குளம், அதற்குப் பின் சதுரக் குளம். சதுரக் குளத்தை ஒட்டினாற்போலக் குகை வளைவுகள் கொண்ட ஒரு சுவர், அதற்கு மேலே பச்சைப் புல் சரிவு. மொத்தத் தோட்டமும் ஒரே பார்வையில் அடங்கிவிட்டது போலத் தெரியும். அஞ்சு நிமிஷத்தில் நடந்துவிடலாம் என்று கிளம்பத் தோன்றும்.

நடக்க ஆரம்பித்ததும் கதை மாறும். பாத்திகள் நினைத்ததைவிட நீளம். சதுரக் குளம் பக்கத்தில் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். அதையும் தாண்டினால், குளத்தை ஒட்டி இருந்த குகைச் சுவர் திடீரென்று எட்டாத தூரத்துக்குப் போய்விடும். நடுவே, காலடியில் ஒரு பள்ளம். பள்ளத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் குறுக்கே ஓடும் கால்வாய். மாளிகையிலிருந்து பார்க்கும்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குகையைத் தொட வேண்டுமானால் கால்வாயைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

டெக்னிக் என்னவென்றால், தூரத்தில் உள்ள பொருள் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் அல்லவா? அதைச் சரிக்கட்ட, தள்ளிப் போகப் போகக் குளங்களையும் பாத்திகளையும் அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார். தரையைப் படிப்படியாகத் தாழ்த்தி, கால்வாயை அந்தத் தாழ்வில் ஒளித்துவைத்தார். இதனால் தூரமானது பக்கத்தில் இருப்பது போலத் தெரிகிறது. காகிதத்தில் ஓவியர்கள் செய்யும் வித்தையை மண்ணில், ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குச் செய்தார். கம்ப்யூட்டர் கிடையாது. கயிறு, முளைக்குச்சி, மட்டம் பார்க்கும் கருவி, வடிவியல் கணக்கு, அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்ட் மாலையில் மன்னரும் இதே படிக்கட்டில் நின்றார். ஒரு ஊழியனின் தோட்டம் தன் தோட்டத்தைவிட அழகா என்ற பொறாமையில்தான் ஃபூக்கேவைக் கைது செய்தார் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கதை. அது பாதி உண்மைதான். அரசுப் பணத்தில் ஃபூக்கே விளையாடுகிறார் என்று கோல்பேர் என்ற இன்னொரு அதிகாரி மாதக் கணக்கில் மன்னர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். விருந்துக்கு முன்பே வலை விரித்தாகிவிட்டது. ஃபூக்கேவின் குலச் சின்னம் அணில், கோல்பேரின் குலச் சின்னம் பாம்பு. மேலே மேலே ஏறிய அணிலைப் பாம்பு பிடித்துவிட்டது என்று பாரிஸ்காரர்கள் ஜோக் அடிக்க வசதியாகப் போய்விட்டது. லெ நோத்ருக்கு அப்போது சின்னமே கிடையாது. அது பிற்பாடு வந்தது, அதுவும் நத்தை உருவத்தில்.

சதுப்பு நிலத்தில் ஒரு சூரியன்

வெர்சாய் என்றால் இன்று தங்கமும் கண்ணாடி மண்டபமும் நினைவுக்கு வரும். 1660-களின் தொடக்கத்தில் அது 13-ம் லூயி வேட்டைக்குக் கட்டிய ஒரு வீடு, சுற்றிலும் காடும் சதுப்பும். தோட்டம் போட மோசமான இடம். மன்னருக்கு அங்கேதான் வேண்டும்.

லெ நோத்ர் செய்த முதல் வேலை, மாளிகையின் நடுவிலிருந்து மேற்கு நோக்கி ஒரு கோடு இழுத்தது. தன்னைச் சூரியனாகக் காட்டிக்கொண்ட மன்னருக்கு, சூரியன் மறையும் திசையில் ஒரு பாதை. கோட்டின் நடுவே சூரியக் கடவுள் அப்போலோ தேரோடு நீரிலிருந்து எழும் சிற்பக் குளம். அதைத் தாண்டி 1,670 மீட்டர் நீளத்துக்குப் பெரிய கால்வாய். 1668 வாக்கில் தோண்ட ஆரம்பித்து, முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. கால்வாய் வெறும் அழகுக்கு மட்டும் இல்லை, தாழ்வான சதுப்பின் தண்ணீர் வடிய ஒரு வழியும்கூட. 1674-ல் வெனிஸ் குடியரசு கொண்டோலா படகுகளை அன்பளிப்பாக அனுப்ப, கால்வாய்க் கரையில் படகோட்டிகளுக்கென்றே ஒரு குட்டிக் குடியிருப்பு உருவானது. அந்தப் பகுதியில் ஏற்கெனவே ஊர் இல்லாமல் இல்லை. த்ரியானோன் என்ற சிறு கிராமத்தை வாங்கி, இடித்து, தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் ஒரு மாளிகைக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த மாதிரி தோட்டத்தில் இயற்கையை அப்படியே விடுவது கிடையாது. மரங்கள் சுவர் மாதிரி வெட்டப்படும். அந்தப் பச்சைச் சுவர்களுக்குப் பின்னால் திறந்தவெளி அறைகள் இருக்கும். ஒன்றில் நடன அரங்கு, ஒன்றில் நீரூற்று, ஒன்றில் சிலைகள். நிழலுக்காக மரம் வளரும்வரை காத்திருக்க மன்னருக்குப் பொறுமை இல்லை. காடுகளிலிருந்து வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். அதில் நிறைய பட்டுப்போயின. மறுபடி பெயர்த்தார்கள், மறுபடி நட்டார்கள்.

பெரிய தலைவலி தண்ணீர். நீரூற்றுகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் சுமார் 1,400-ஐத் தொட்டது. பக்கத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி நதி கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் தொட்டிகள் சீக்கிரமே காலி. அதனால் ஒரு உபாயம் செய்தார்கள். மன்னர் நடந்து வருவதைப் பார்த்ததும் பணியாளர் விசில் அடிப்பார், அடுத்த குளத்து ஆள் வால்வைத் திறப்பார். மன்னர் தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள். மன்னர் கண்ணில் படும் இடமெல்லாம் நீர் பொங்கும், முதுகுக்குப் பின்னால் வறட்சி.

இதுவும் போதவில்லை. 1680-களில் சேன் நதிக்கரையில் மார்லி என்ற இடத்தில் 14 ராட்சதச் சக்கரங்களும் 200-க்கு மேல் பம்புகளும் கொண்ட இயந்திரத்தை நிறுவி, நீரைச் சுமார் 160 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். அதுவும் பற்றாமல், 1685-ல் எர் என்ற நதியையே 80 கிலோமீட்டர் தூரத்திலிருந்து திருப்பிக் கொண்டுவரக் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டியவர்கள் பல்லாயிரம் படைவீரர்கள். சதுப்புக் காய்ச்சலில் அவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1688-ல் போர் வந்தது, வீரர்கள் களத்துக்குப் போனார்கள், கால்வாய் பாதியில் நின்றது. அந்த நதியிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட வெர்சாய்க்கு வந்து சேரவில்லை. மெந்தெனோன் என்ற ஊரில் முடிக்கப்படாத நீர்ப்பாலத்தின் வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

இந்த நீர் வேலைகளுக்கு லெ நோத்ர் பொறுப்பாளர் இல்லை. குழாயும் நீரூற்றும் ஃப்ரான்சீன் குடும்பத்துப் பொறியாளர்கள் கையில், நதிக் கால்வாய் வோபான் என்ற ராணுவப் பொறியாளர் கையில், கணக்கு வழக்கு முதல் இருபது வருடம் கோல்பேர் கையில். ஆனால் இத்தனை தண்ணீரைக் கேட்டது அந்தத் தோட்டம். அதன் பெருமையை அவர் பெயரில் எழுதும்போது இந்தச் சாவுகளைத் தனிக் கணக்கில் வைப்பது நியாயமாகாது.

நாக்கில் தேன், நடுவே கொஞ்சம் மிளகாய்

அரசவையில் இவரைப் பற்றி ஏராளமான கதைகள் சுற்றின. 1675-ல் மன்னர் இவருக்குப் பிரபு அந்தஸ்து கொடுத்தார். குலச் சின்னமாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, தன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருப்பதாகவும், மூன்று நத்தைகளும் தலையில் ஒரு முட்டைக்கோஸும்தான் அது என்றும் சொல்லிச் சிரிக்கவைத்தாராம். கேலியாகவே இருக்கட்டும், அவருடைய சின்னத்தில் மூன்று நத்தைகள் நிஜமாகவே இடம்பெற்றன. தோட்டக்காரனின் பரம எதிரி அவனுடைய சின்னத்தில்! அணில் சிறையில் செத்தது, பாம்பு 1683-ல் செத்தது. நத்தை 1700 வரை ஊர்ந்துகொண்டிருந்தது.

1679-ல் இத்தாலி போனார். அங்கே போப் 11-ம் இன்னொசென்ட்டைச் சந்தித்தபோது மகிழ்ச்சி தாங்காமல் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டதாகச் செய்தி வெர்சாய் வரை வந்தது. அப்படி நடந்திருக்கவே முடியாது என்று அவையில் ஒருவர் பந்தயம் கட்டப் பார்த்தாராம். வேண்டாம், தோற்றுவிடுவீர்கள், நான் போரிலிருந்து திரும்பும்போதெல்லாம் என்னையே அப்படித்தான் கட்டிப்பிடிக்கிறார் என்ற பொருளில் மன்னர் தடுத்தாராம். கதையில் எவ்வளவு மசாலாவோ, அதை மன்னரே நம்பத் தயாராக இருந்தார் என்று ஊர் பேசியது என்பதே போதும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரும் இல்லை. 1680-களின் நடுவில், இவர் அமைத்த ஒரு தோப்பை எடுத்துவிட்டு அங்கே பளிங்குத் தூண் வரிசை கட்டினார் கட்டடக் கலைஞர் ஆர்துவான்-மான்சார். எப்படி இருக்கிறது என்று மன்னர் வற்புறுத்திக் கேட்டார். கொத்தனாரைத் தோட்டக்காரர் ஆக்கினீர்கள், அவர் தன் தொழிலில் தெரிந்ததைச் சமைத்துப் பரிமாறிவிட்டார் என்பதுபோலப் பதில் சொன்னாராம். இப்படிப் பேசிவிட்டும் வேலையில் நீடித்தவர்கள் அந்த அவையில் குறைவு.

எம்ப்ராய்டரி போட்ட பூப்பாத்திகளுக்குப் பெயர்போன இவருக்கு அவை பிடிக்காது என்பது இன்னொரு ஆச்சரியம். குழந்தையை விட்டு நகர முடியாத ஆயாக்கள் மாடியிலிருந்து வேடிக்கை பார்க்கத்தான் அவை லாயக்கு என்பாராம். அவருக்குப் பிடித்தது தூரம், நீர், திறந்த வானம். கொந்தே இளவரசருக்காக அமைத்த ஷாந்தியி தோட்டத்தைப் பார்த்தால் அது புரியும். அங்கே கோடு கோட்டையின் நடுவிலிருந்து கிளம்பவே இல்லை. கோட்டையை ஓரமாக விட்டுவிட்டு, பக்கத்து மேடையிலிருந்து நேராகத் தண்ணீருக்கு இறங்குகிறது. கால்வாய் 2.5 கிலோமீட்டர், அதாவது மன்னரின் வெர்சாய் கால்வாயைவிட நீளம். இதைச் செய்துவிட்டும் அவருக்கு எதுவும் ஆகவில்லை.

அவர் கை இன்னும் பல இடங்களில் உண்டு. கோல்பேரின் ஸோ தோட்டம், சாந்த்-ஜெர்மானில் 2 கிலோமீட்டரைத் தாண்டும் மேடை நடைபாதை என நீளும். எல்லாவற்றையும்விட அதிகம் பேர் மிதித்தது பாரிஸ் நடுவில் இருக்கிறது. 1660-களில் தான் பிறந்து வளர்ந்த துய்லரியைத் திருத்தியமைத்தவர், தோட்டத்தின் நடுக்கோட்டை வேலி வரை கொண்டுபோய் நிறுத்தவில்லை. அதற்கும் மேற்கே, வயலுக்குள் மர வரிசையாக நீட்டினார். அந்த மர வரிசைதான் இன்றைய ஷான்ஸெலிசே சாலை. வெற்றி வளைவும், இன்னும் தள்ளி லா தெஃபான்ஸ் வானுயர்ந்த கட்டடங்களும் அதே கோட்டின் மேல்தான் பின்னாளில் முளைத்தன.

புத்தகம் எழுதாத ஆசான்

தன் கலையைப் பற்றி லெ நோத்ர் ஒரு நூல்கூட எழுதிவைக்கவில்லை. அவர் கையால் வரைந்தவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வரைபடங்களும் கொஞ்சம்தான். தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று வழிகாட்டிக் குறிப்பு எழுதியவர் மன்னர்! எந்தப் படியில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று 14-ம் லூயியே பல முறை எழுதித் திருத்தியிருக்கிறார்.

சம்பாதித்ததை லெ நோத்ர் ஓவியங்களில் போட்டார். பூஸ்ஸேன், க்ளோத் லொரேன் போன்றவர்களின் ஓவியங்கள் அவர் வீட்டுச் சுவரில் தொங்கின. 1693-ல், 80 வயதில், வேலையிலிருந்து ஒதுங்கியபோது தன் சேகரிப்பின் சிறந்த பகுதியை மன்னருக்கே கொடுத்துவிட்டார். அவற்றில் சில இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாரிசு இல்லாத மனிதர் வேறு யாருக்குக் கொடுப்பார் என்றும் கேட்கலாம். தொழிலைச் சகோதரியின் வழிவந்த க்ளோத் தெகோ தொடர்ந்தார்.

அவர் நட்ட மரங்கள் இன்று இல்லை. மரத்துக்கும் ஆயுள் உண்டே. 1770-களில் 16-ம் லூயி மொத்தமாக வெட்டி, புதிதாக நடவைத்தார். 1999 டிசம்பர் 26 புயலில் வெர்சாயில் மட்டும் சுமார் 10,000 மரங்கள் சாய்ந்தன. மறுபடியும் நடவு. வோ-லெ-விகோம்த்தில் பாத்திகளின் பாக்ஸ்வுட் செடிகளை நோய் தின்றதால், 2019-ல் அவற்றைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் அலுமினிய நாடாக்களால் கோலம் அமைத்தார்கள். ஆனால் தரையின் ஏற்றத்தாழ்வு, கோடு, நீரின் மட்டம் எதுவும் மாறவில்லை. சதுரக் குளத்துக்குப் பின்னால் கால்வாய் இன்றும் ஒளிந்தேதான் இருக்கிறது.

1700 கோடையில், இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, 87 வயதான அவரை மன்னர் மார்லி தோட்டத்துக்கு அழைத்தார். மன்னருக்கு அப்போது வயது 61. ஆட்கள் தள்ளும் சக்கர நாற்காலியில் மன்னர். பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி தோட்டக்காரருக்கு. உலகத்தின் மிகப் பெரிய மன்னர் பக்கத்தில் நான் இப்படிப் போவதை என் அப்பா பார்த்திருந்தால் எப்படி வாய் பிளந்திருப்பார் என்று கிழவர் சொல்லிக்கொண்டே போனதாக அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது.

செப்டம்பர் 15-ம் தேதி இறந்தார். ஞானஸ்நானம் பெற்ற அதே செயின்ட் ரோக்கில்தான் அடக்கம். தேவாலயக் கட்டடம் மட்டும் அவர் காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் கல்லறையை உடைத்தார்கள். சிற்பி குவாஸ்வோ செதுக்கிய மார்பளவுச் சிலை மட்டும் தப்பி, இன்றும் அங்கேயே இருக்கிறது. வெளியே வந்து சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் துய்லரி.